92,003 பேர் பார்க்க வந்த பெண்கள் வாலிபால்

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இதை வெளியிடுகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



வரவு செலவு, தணிக்கை, வங்கிக் கடன் எல்லாம் காலையிலேயே பேசி முடிச்சிட்டீங்க. சாப்பாடும் ஆயிடுச்சு. இப்ப என்னை விளையாட்டைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "விளையாட்டா? பிள்ளை குட்டி பெத்த நமக்கு அது எதுக்கு?" என்று பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் சிரிப்பது தெரிகிறது. அரை மணி நேரம் பொறுத்துக் கேளுங்க. கடைசியில் உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கப் போகிறேன்.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே லிங்கன் என்ற நகரத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகம். அந்தப் பல்கலைக்கழகத்துப் பெண்கள் வாலிபால் அணியின் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு நாளைச் சொல்கிறேன். 2023 ஆகஸ்ட் 30, புதன்கிழமை. பல்கலைக்கழகத்தின் பெரிய மைதானத்துக்கு நடுவில் வாலிபால் களம் போட்டார்கள். அது ஆண்கள் அமெரிக்கக் ஃபுட்பால் ஆடும் மைதானம். அங்கே ஃபுட்பால் என்றால் நம்ம ஊர் கால்பந்து இல்லை. பந்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி மோதுகிற ஆட்டம். அந்த மாநிலத்துக்காரர்களுக்கு அதுதான் திருவிழா. அன்றைக்கு அந்த மைதானத்தில் ஆடியதெல்லாம் பெண்கள். வந்திருந்தவர்கள் 92,003 பேர்!

அதற்கு முன்னால் 100 ஆண்டுகளாக அங்கே நடந்த எந்த ஆண்கள் ஆட்டத்துக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. பெண்கள் விளையாட்டில் உலக சாதனை என்றே அதை அறிவித்தார்கள். 2022-இல் ஸ்பெயின் நாட்டில் பார்சிலோனா பெண்கள் கால்பந்து ஆட்டத்துக்கு 91,648 பேர் வந்ததுதான் அதற்கு முன் பெரிய எண்ணிக்கையாகச் சொல்லப்பட்டது.

சும்மா வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் இல்லைங்க. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்த கூட்டம். விற்பனை தொடங்கிய சில நாளிலேயே 82,900 டிக்கெட் போய்விட்டது. இது ஒரே நாளில் நடந்த அதிசயமா? இல்லை. ஐம்பது ஆண்டு உழைப்பு. எப்படி வளர்ந்தது என்று பார்ப்போம்.

விவசாயிகளின் மாநிலம்

நெப்ராஸ்கா பரப்பளவில் நம்ம தமிழ்நாட்டைவிடப் பெரியது. ஆனால் மக்கள் தொகை சுமார் 20 லட்சம்தான். மக்காச்சோளம், சோயா, மாட்டுப் பண்ணை, இவைதான் பிழைப்பு. அந்தப் பல்கலைக்கழக அணிகளுக்கு வைத்திருக்கும் பெயரே "ஹஸ்கர்ஸ்". மக்காச்சோளக் கதிரின் தோலை உரிக்கிறவர்கள் என்று அர்த்தம். நம்ம ஊர் அணிக்கு "நாற்று நடுவோர் அணி" என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும்? அதுமாதிரி!

ஐந்நூறு வீடு, முன்னூறு வீடு உள்ள சின்னச் சின்ன ஊர்கள். ஒவ்வொரு ஊருக்கும் நடுவில் மைல் கணக்கில் வயல். ஆக, நகரத்துக்காரர்களும் பணக்காரர்களும் வளர்த்த விளையாட்டு இது என்று நினைத்துவிடாதீர்கள்.

முதலில் ஒரு சட்டம் வந்தது

1970-களின் தொடக்கம் வரை அமெரிக்காவிலும் பெண் பிள்ளைகள் நிலைமை நம்மைப் போலத்தான். 1971-72 பள்ளி ஆண்டில் அந்த நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் போட்டிகளில் விளையாடிய ஆண் பிள்ளைகள் 36 லட்சத்துக்கும் மேல். பெண் பிள்ளைகள் மூன்று லட்சம்கூட இல்லை. பன்னிரண்டு பையனுக்கு ஒரு பொண்ணு என்று கணக்கு. பெரும்பாலான கல்லூரிகளில் பெண்கள் அணிக்கென்று உதவித்தொகை கிடையாது.

1972-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அரசாங்கப் பணம் வாங்கும் எந்தப் பள்ளியும் கல்லூரியும் ஆண், பெண் என்று பேதம் காட்டக் கூடாது என்பதுதான் அதன் சாரம். "டைட்டில் ஒன்பது" என்று அதற்குப் பெயர். அதற்காக உழைத்தவர்களில் ஒருவர் பாட்ஸி மிங்க் என்ற அம்மையார். ஹவாய்த் தீவிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இளம் வயதில் டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டுப் பல கல்லூரிகளுக்கு மனு போட்டார். எல்லாக் கல்லூரியும் கதவைச் சாத்தின. பெண் என்பது அன்றைக்குப் பெரிய தடை. தனக்கு நடந்தது அடுத்த தலைமுறைக்கு நடக்கக் கூடாது என்று பாடுபட்டார். 2002-இல் அவர் இறந்த பிறகு அந்தச் சட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்க. அந்தச் சட்டத்தின் மூல வாசகத்தில் "விளையாட்டு" என்ற சொல்லே கிடையாது. விளையாட்டுக்கும் அது பொருந்தும் என்று சொல்லும் விதிகள் 1975-இல்தான் வந்தன. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பெண்கள் வாலிபால் அணி தொடங்கியதும் அதே 1975-இல்தான்.

சட்டம் வந்ததோடு எல்லாம் சரியாகிவிட்டதா? அதுவும் இல்லை. 1984-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கல்லூரியில் எந்தப் பிரிவு அரசாங்கப் பணம் வாங்குகிறதோ அந்தப் பிரிவுக்கு மட்டும்தான் சட்டம் பொருந்தும் என்றது. விளையாட்டுப் பிரிவு வெளியே போய்விட்டது. மறுபடி போராடி, 1988-இல் இன்னொரு சட்டம் போட்டுத்தான் அதைச் சரிசெய்தார்கள். கிடைத்த உரிமையைக் கண் மூடாமல் காக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியாததா? வங்கி மேலாளர் மாறினாலே பழைய கடன் திட்டத்தைப் புதிதாய் விளக்க வேண்டியிருக்கிறதே!

பதினெட்டு ஆண்டு காத்திருப்பு

1977-இல் டெர்ரி பெட்டிட் என்பவர் பயிற்சியாளராக வந்தார். அப்போது வாலிபாலில் கொடி கட்டிப் பறந்தவை கலிபோர்னியா, ஹவாய் அணிகள். கடற்கரை ஊர்கள். ஆண்டு முழுக்க வெயில். நெப்ராஸ்காவிலோ குளிர்காலத்தில் பனி கொட்டும். "சோளக்காட்டுப் பெண்களா அவர்களை ஜெயிக்கப் போகிறார்கள்?" என்று கேட்கிற நிலைமைதான்.

கல்லூரிப் பெண்களுக்கான தேசிய வாலிபால் போட்டியை இப்போது நடத்தும் பெரிய அமைப்பு அதை 1981-இல்தான் தொடங்கியது. 1986-இல் நெப்ராஸ்கா இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றது. 1989-இல் மறுபடி இறுதி ஆட்டம், மறுபடி தோல்வி. 1995-இல்தான் கோப்பை கைக்கு வந்தது. பெட்டிட் வந்து 18 ஆண்டு! அந்த 1995-இல்தான் வாலிபால் என்ற ஆட்டம் பிறந்து 100 ஆண்டு நிறைவு. 1895-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வில்லியம் மார்கன் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் கண்டுபிடித்த ஆட்டம் இது. நூற்றாண்டு இறுதிப் போட்டியும் அந்த மாநிலத்திலேயே நடந்தது.

பிறகு ஜான் குக் என்பவர் பயிற்சியாளர் ஆனார். அவர் பொறுப்பேற்ற 2000-ஆம் ஆண்டே ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் கோப்பை வாங்கினார்கள். அடுத்து 2006, 2015, 2017. மொத்தம் ஐந்து தேசியக் கோப்பைகள்.

மாதம் ஐம்பது ரூபாய் சந்தா கட்டி, முதல் கடனுக்கு மாதக்கணக்கில் காத்திருந்த குழுக்கள் இங்கே இருக்கீங்க. இடையில் கலைந்துபோன குழுக்களும் உண்டு. கலையாமல் நின்றதுதான் பெரிய விஷயம். அந்த அணி 18 ஆண்டு கோப்பை இல்லாமலும் ஒரு ஆண்டுகூட ஆடாமல் இருந்ததில்லை.

பழைய கட்டிடம், புதிய கூட்டம்

அந்தப் பெண்களுக்கு ஆட எந்த இடம் கொடுத்தார்கள் தெரியுமா? 1920-களில் கட்டிய ஒரு பழைய உள்ளரங்கம். கூடைப்பந்து அணி 1976-இல் புது அரங்கத்துக்குப் போனது. பழையது வாலிபால் பெண்களின் வீடாயிற்று. அதில் சுமார் 4,000 பேர் உட்காரலாம். தொடக்கத்தில் பார்க்க வந்தவர்கள் சொற்பம்.

அதை நிரப்பியது யார்? பக்கத்து ஊர் விவசாயக் குடும்பங்கள். பள்ளி அணியில் ஆடும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்த அப்பாக்கள், அம்மாக்கள், பாட்டிகள். 2001-இலிருந்து அவர்கள் சொந்த அரங்கில் நடந்த ஒவ்வொரு லீக் ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்திருக்கிறது. அந்த எண்ணிக்கை 300-ஐத் தாண்டிவிட்டது. 2013-இல் கூடைப்பந்து அணி மறுபடி வேறு புது அரங்கத்துக்குப் போக, அது விட்டுச் சென்ற அரங்கத்தைச் சீரமைத்து இவர்கள் குடியேறினார்கள். சுமார் 8,000 இருக்கைகள். அதுவும் நிரம்பியது!

அமெரிக்காவில் பெரும்பாலான கல்லூரிப் பெண்கள் அணிகள் நஷ்டத்தில்தான் ஓடும். ஆண்கள் ஃபுட்பால் வருமானத்திலிருந்து கொடுத்துத்தான் நடத்துவார்கள். தன் டிக்கெட் வருமானத்தால் லாபம் காட்டும் ஒருசில பெண்கள் அணிகளில் நெப்ராஸ்கா வாலிபாலும் ஒன்று என்று பெயர் வாங்கியது. "பொம்பளைங்க ஆட்டத்தை யார் பார்ப்பாங்க?" என்ற கேள்விக்கு அந்த வருமானமே பதில்.

ஆறு பேரும் எல்லா இடத்திலும்

வாலிபால் ஆடாதவர்களுக்காக ஒரு விளக்கம். ஒரு பக்கம் ஆறு பேர். பந்து நம் பக்கம் வந்தால் மூன்று தொடலுக்குள் வலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு முறை தொடக் கூடாது. அதனால் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் தனியாக ஜெயிக்க முடியாது. ஒருத்தி எடுக்க வேண்டும், ஒருத்தி தூக்கிக் கொடுக்க வேண்டும், ஒருத்தி அடிக்க வேண்டும்.

இன்னொரு விதி. எதிரணியிடமிருந்து சர்வீஸ் நம் பக்கம் வரும் ஒவ்வொரு முறையும் ஆறு பேரும் கடிகார முள் சுற்றுவதுபோல ஒரு இடம் நகர வேண்டும். முன்னால் நின்றவள் பின்னால் போவாள், பின்னால் நின்றவள் முன்னால் வருவாள். நம்ம குழுக்களில் பிரதிநிதிகளைச் சுழற்சி முறையில் மாற்றச் சொல்கிறோமே, அதுதான். "எனக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியும், நானே இருக்கிறேன்" என்று வாலிபாலில் யாரும் சொல்ல முடியாது.

சின்ன ஊரிலிருந்து வந்த இருவர்

2006 கோப்பை அணியில் இருந்த இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒருவர் ஜோர்டன் லார்சன். ஹூப்பர் என்ற ஊர்க்காரர். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். அவர் அமெரிக்க தேசிய அணிக்காக நான்கு ஒலிம்பிக்கில் ஆடினார். 2012-இல் வெள்ளி, 2016-இல் வெண்கலம். கொரோனாவால் தள்ளிப்போய் 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம். 2024-இல் மறுபடி வெள்ளி. 1964-இலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கும் பெண்கள் வாலிபாலில் அமெரிக்காவுக்கு அதுதான் முதல் தங்கம். அந்தத் தங்கத்துக்கான கடைசிப் புள்ளியை அடித்தவர் அணித்தலைவி லார்சன். அப்போது அவருக்கு 34 வயது. நம்ம ஊரில் 34 வயதில் "இனிமே என்ன இருக்கு" என்று சொல்லிவிடுகிறோம்!

இன்னொருவர் டேனி புஸ்பூம். இவரும் ஆடம்ஸ் என்ற சிறிய ஊர்ப் பள்ளியில் படித்த விவசாயக் குடும்பத்துப் பெண். அணியில் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் இடத்தில் ஆடியவர். கடைசி ஆண்டில் அவரைப் பின்வரிசைத் தடுப்பாட்டத்துக்கு மாற்றினார்கள். அந்த இடத்தில் ஆடுபவர் தனி நிறச் சட்டை போட்டிருப்பார். வலைக்கு மேல் எகிறி அடிக்க அவருக்கு அனுமதி இல்லை. எதிரி அடிக்கும் அடியை விழாமல் எடுப்பது மட்டும்தான் வேலை. அதை ஏற்றுக்கொண்டு ஆடினார். அந்த ஆண்டு இறுதிப் போட்டி அவர்கள் மாநிலத்திலேயே, ஒமாஹா நகரத்தில், 17,000-க்கும் மேற்பட்டவர்கள் முன்னால் நடந்தது. ஜெயித்தார்கள்.

இன்னும் தீராத ஒரு கணக்கு

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல சேதி. வராத பாக்கி ஒன்றும் இருக்கிறது.

நெப்ராஸ்கா பெண்கள் அணிக்கு 1977 முதல் 2024 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்த இருவரும் ஆண்கள். இருவரும் நல்ல ஆசான்கள், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நாடு முழுக்கக் கணக்கைப் பாருங்க. 1972-இல், சம்பளமும் பேரும் இல்லாத காலத்தில், கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்துக்கு ஒன்பதுக்குப் பெண்கள்தான் பயிற்சியாளர்கள். சட்டம் வந்து, சம்பளம் வந்து, மதிப்பு வந்தது. அந்த வேலைக்கு ஆண்களும் வந்தார்கள். இப்போது பத்துக்கு நாலு என்ற அளவில்தான் பெண்கள் இருக்கிறார்கள். சம்பளம் இல்லாதபோது நம்ம வேலை, சம்பளம் வந்தால் அவங்க வேலை! இதை நாம் எங்கெல்லாம் பார்த்திருக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும்.

1981-இலிருந்து நடக்கும் அந்தத் தேசியப் போட்டியில் ஒரு பெண் பயிற்சியாளர் கோப்பை வாங்க 2024 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இறுதி ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் பெண்களே பயிற்சியாளர்கள். ஜெயித்தது பென் ஸ்டேட் அணியின் கேட்டி ஷூமேக்கர்-காலி. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டே அந்த சீசன் முழுக்க அணியை நடத்தியவர். அரையிறுதியில் அவர் அணி வென்றது யாரைத் தெரியுமா? இதே நெப்ராஸ்காவை. இரண்டு செட் பின்தங்கியிருந்து, மூன்று செட் தொடர்ந்து எடுத்து வென்றார்கள்.

இறுதி ஆட்டத்தில் தோற்ற லூயிவில் அணியின் பயிற்சியாளர் யார்? நான் சொன்ன அதே டேனி புஸ்பூம் கெல்லிதான்! அடுத்த மாதம், 2025 ஜனவரியில் ஜான் குக் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு நெப்ராஸ்கா டேனியை அழைத்தது. பின்வரிசையில் குனிந்து பந்து எடுத்த விவசாயக் குடும்பத்துப் பெண், 48 ஆண்டு ஆண்கள் உட்கார்ந்த நாற்காலிக்கு வந்தார்.

இப்ப நம்ம வேலை

சகோதரிகளே, அந்த ஊரோடு நம்மை ஒப்பிட்டு மனம் சோர்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களிடம் பணம் இருக்கிறது, அரங்கம் இருக்கிறது. ஆனால் கூட்டத்தைப் பணத்தால் கொண்டுவர முடியாது. மகள் ஆடுவதைப் பார்க்கப் பெற்றோர் வந்து உட்கார்ந்ததுதான் அங்கே முதல் விதை.

நம்ம ஊர்களில் என்ன நடக்கிறது? ஆறாம் வகுப்பு வரை பெண் பிள்ளை ஓடி ஆடுகிறாள். வயசுக்கு வந்ததும் "போதும், உள்ளே வா" என்று சொல்கிறோம். சாயந்திரம் ஐந்து மணிக்கு மைதானம் பையன்களுக்கு, பாத்திரம் பெண் பிள்ளைக்கு. பள்ளியில் நன்றாக ஆடுகிற பெண்ணை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்ப, துணைக்குப் போக ஆள் இல்லை என்று நிறுத்திவிடுகிறோம். விளையாட்டு விடுதி இருக்கிறது, கல்லூரியிலும் வேலையிலும் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. எட்டாம் வகுப்பிலேயே நிறுத்திவிட்டால் அதெல்லாம் யாருக்கு?

அதனால் உங்களிடம் நான் கேட்பது நான்கு விஷயம்.

ஒன்று: வாரத்தில் இரண்டு நாள், சாயந்திரம் ஒரு மணி நேரம், பள்ளி மைதானம் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று தலைமையாசிரியரிடம் பேசி முடிவு செய்யுங்கள். கிராம சபையில் தீர்மானமாகவும் எழுதச் சொல்லுங்கள்.

இரண்டு: அந்த ஒரு மணி நேரமும் குழு உறுப்பினர்கள் இரண்டு பேர் முறை வைத்து மைதானத்தில் போய் உட்காருங்கள். பூ கட்டிக்கொண்டே உட்காரலாம். பெரியவர்கள் இருந்தால் பிள்ளைகளுக்குப் பயம் இருக்காது, கேலி பேசுகிறவனும் வர மாட்டான்.

மூன்று: ஒரு வலை, இரண்டு பந்து வாங்குங்கள். களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். பெண்களுக்கு வலையின் உயரம் 2 மீட்டர் 24 சென்டிமீட்டர். பையன்களுக்குக் கட்டிய வலை 2 மீட்டர் 43 இருக்கும். அதை இறக்கிக் கட்டுங்கள். இறக்கிக் கட்டுவது சலுகை இல்லை, அதுதான் உலகம் முழுக்க உள்ள விதி.

நான்கு: அன்றைக்கு வீட்டு வேலையில் அந்தப் பிள்ளையின் பங்கை யார் செய்வது என்று வீட்டில் பேசுங்கள். அண்ணன் தம்பிக்கும் கை இருக்கிறது.

அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவில் வரவு செலவு வாசிக்கும்போது, எத்தனை ஊரில் பெண் பிள்ளைகள் வாலிபால் ஆடுகிறார்கள் என்று ஒரு வரியும் சேர்த்து வாசிக்க வேண்டும். கோலப் போட்டிக்கும் இசை நாற்காலிக்கும் கை தட்டினது போதும். ஒரு ஆட்டம் வைத்து, நாம் எல்லோரும் பார்வையாளராகப் போய் உட்காருவோம். 92,003 பேர் வேண்டாம். ஒரு ஊருக்கு இருபது அம்மாக்கள் வந்தால் போதும்.